நாளைக்கு வாங்கோ என்று சொல்லாத டொக்டர்

"என்னட்டை வந்த ஒருத்தரையும் நான் இண்டைவரைக்கும் 'நாளைக்கு வாங்கோ' எண்டு திருப்பி அனுப்பினது கிடையாது."

கிளென் வேவர்லியில் தன் வீட்டின் பின்வளவில், இடது கையில் ஆட்டிறைச்சி றோலும் வலது கையில் மைக்குமாக நின்று டொக்டர் விக்னராஜா இதைச் சொன்னபோது, கூடியிருந்த எழுபது பேரும் கைதட்டினார்கள். கைதட்டுவதற்காகப் பலர் தங்கள் றோலை வாயில் கவ்விக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய வசனம் அது. வீட்டு விருந்துக்கு மைக் எதற்கு என்று கேட்பவர்கள் மெல்பேர்ண் தமிழரோடு பழகாதவர்கள். அவர்களுக்கு நான் சொல்லி விளங்கப்போவதில்லை.

டொக்டர் சொன்னது பொய்யல்ல. இதை முதலிலேயே பதிந்துவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். ரோவிலில் இருக்கும் அவருடைய கிளினிக் ஆறு மணிக்கு மூடும். ஏழேகாலுக்கு இருமிக்கொண்டு வந்தவரையும் உள்ளே கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். கிளினிக்குக்கு வெளியே அவருக்கு மூடும் நேரம் என்ற ஒன்றே இல்லை. பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுகிற நேரத்தில் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டுவார். பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஓர் அன்ரி தன் முழங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவா. ஒருமுறை செத்தவீட்டில், பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னால், துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் சேட்டைத் தூக்கி முதுகிலிருந்த மச்சத்தைக் காட்டினார். டொக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அது வெட்டவேண்டிய மச்சம். அந்தக் கிழமையே வெட்டுவித்தார். மச்சக்காரர் பிழைத்துக்கொண்டார். பிழைத்து, வீடு விற்கும் ஏஜென்றாகி, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவராகி, இந்தக் கதைக்குள்ளும் வந்துவிட்டார். பெயர் ஸ்ரீகாந்த்.

அன்றைய விருந்து டொக்டரை வழியனுப்புவதற்கு. ஒரு வருடம் சம்பளமில்லாமல் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறார். அந்த வெளிநாடு அவர் பிறந்த நாடுதான் என்பதை நாங்கள் யாரும் பெரிதுபடுத்தவில்லை. மன்னாருக்கு எதிரே பெருநிலப்பரப்பில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் பெயரை எழுதினால் அங்கே வேலை செய்யும் ஏழெட்டு நல்ல மனிதர்களுக்குத் தலையிடி. ஆகவே பெயரில்லாமலே இருக்கட்டும்.

"மனிசிக்கு மட்டும் நாளைக்கு எண்டு சொல்லுவார்," என்றார் சிவகௌரி, குசினி வாசலில் நின்றபடி. டொக்டரின் மனைவி, மருந்தகம் நடத்துபவர், மைக் தேவைப்படாத குரல். "குசினிக் குழாய் ரெண்டு வருஷமா ஒழுகுது. அதுவும் ஒரு நோயாளிதானே, ஒருக்காப் பாருங்கோவன்."

"வந்து பாக்கிறன்," என்றார் டொக்டர். அதற்கும் கைதட்டினோம்.

அவர் ஏன் போனார் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. சங்கத்தின் விளக்கம், தாய்மண் அழைத்தது. சிவகௌரியின் விளக்கம், மனிசனுக்கு ஐம்பத்தாறு வயது வந்துவிட்டது. என் விளக்கம் இன்னும் எளிது. கிளென் வேவர்லியில் நாங்கள் வீடு வாங்குவது, பிள்ளைக்கு இடம் கிடைக்கும் நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருப்பதற்காக. டொக்டரின் ஒரே மகள் ராகவி பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போய்விட்டாள். எல்லைக்குள் வீடு இருக்கிறது. எல்லைக்குள் இருப்பதற்குக் காரணம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் புல் வெட்டிக்கொண்டிருப்பான்? ராகவி மட்டும் கேட்டாளாம், "அப்பா, டிட் எனிவன் ஆஸ்க் யூ டு கோ?" என்று. டொக்டர் புல் வெட்டும் மெசினை இழுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாராம்.

நான் சங்கத்தின் செயலாளர். டொக்டரும் நானும் ஒரே வகுப்பு. அவர் படித்தார்.

அந்த ஒரு வருடத்தில் டொக்டர் செய்த சேவையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் மாதம் அவர் தண்ணீரைப் போத்தலில் குடித்தார். மூன்றாம் மாதம் எல்லோரையும் போலக் குடித்தார். இங்கே ஒரு நோயாளிக்குக் கால்மணி நேரம். அங்கே இரண்டு நிமிடம். காலை ஆறரைக்கு வாசலில் இலக்கம் எழுதிய துண்டு கொடுப்பார்கள். நூறாம் துண்டையும் தாண்டும் நாட்கள் உண்டு. தன் வசனத்துக்குப் பழுது வராமல் கடைசித் துண்டுவரை பார்த்துவிட்டுத்தான் எழும்புவார். இந்தத் தியாகத்தால் பாதிக்கப்பட்டவர்கள் வேறு ஆட்கள். மருந்து கட்டிக்கொடுக்கும் முரளிதரன் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாராம்.

"ஐயா, நீங்கள் ஒரு வருஷத்திலை போயிடுவியள். நாங்கள் ஒவ்வொரு நாளும் கடைசி பஸ்ஸை விட்டிட்டு ரோட்டிலை நிக்கிறம்."

இதை டொக்டர் பகிடியாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் எழுதினார். நாங்கள் அழுதுகொண்டு சிரிக்கும் முகங்களை அனுப்பினோம்.

ஏழாம் மாதம் அவர் எழுதியது பகிடி அல்ல. ஆஸ்பத்திரியின் ஈசிஜி மெசின் பழுதாகி, திருத்தப் போய், திரும்பி வரவில்லை. நெஞ்சு நோ என்று வருகிறவர்களை அரைமணி நேர ஓட்டத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பவேண்டியிருக்கிறது. சங்கம் ஒரு மெசின் தருமா?

தருமாவாவது! சங்கம் இப்படியொரு கேள்விக்காகப் பத்து வருடமாய்க் காத்திருந்தது. அவசரக் கூட்டம் போட்டோம். எந்த மெசின் என்பதைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்தோம். சுவரில் பதிக்கும் பெயர்ப் பலகையில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதை முடிவு செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த வேகத்தில் பலகை மெசினுக்கு முன்னரே போய்ச் சேர்ந்தது.

மெசினும் போய்ச் சேர்ந்தது. டொக்டர் குழுவில் எழுதினார்: "வந்திட்டுது. நாளைக் காலமை பெட்டியை உடைச்சு, மெசினைப் பூட்டி இயக்கப்போறன்."

தலைவர் உடனே தொலைபேசி எடுத்தார். அழைப்பில் நானும் இருந்தேன்.

"டொக்டர், அவசரப்படாதேங்கோ. நாங்கள் ஒன்பது பேர் ரிக்கெற் போட்டாச்சு. பதினொரு நாளிலை அங்கை நிப்பம். ரிப்பன் வெட்டித் திறக்கிறதுதானே முறை?"

"ஸ்ரீ, இது கல்யாண மண்டபம் இல்லை. மெசின்."

"விளங்குது, விளங்குது. ஆனா பாவிச்ச சாமானுக்கு ரிப்பன் கட்டினா தந்த சனத்தின்ரை மனம் நோகாதே? இவ்வளவு நாளும் இல்லாமல் சமாளிச்சனீங்கள்தானே. இன்னும் ஒரு பதினொரு நாள்."

டொக்டர் என்னைக் கேட்டார். "நீ என்ன சொல்லுறாய், மச்சான்?"

செயலாளர் என்ற முறையில் நான் சொன்னேன், "முறை எண்டு ஒண்டு இருக்குத்தானே."

மெசின் பதினொரு நாள் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல் சிவப்பு ரிப்பன் இருந்தது.

ஆவணி மாதத்தில் நாங்கள் போய் இறங்கினோம். மேளம், மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பழைய மாணவர்களின் கொடை உள்ளம் பற்றிய சிறப்புரை. அன்று காலை டொக்டர் அறுபதாம் துண்டோடு நோயாளர் பார்ப்பதை நிறுத்தவேண்டி வந்தது. மிச்சத் துண்டுக்காரர் நடைபாதையில் சுவரோடு நின்று எங்களைப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்துக் கையசைத்தவர்களும் எங்களில் உண்டு.

டொக்டர் கோட் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் வைத்த தட்டைக் கையில் ஏந்தி நடைபாதையால் வந்தார். நான் கமராவோடு பின்னால் வந்தேன். வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. கையில் எழுபத்து நாலாம் துண்டு.

"ஐயா, விடிய முதல் நெஞ்சு எரிஞ்சுகொண்டு கிடக்கு. இந்தக் கையும் விறைக்குது."

"வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்ததோ?"

"ஒருக்கா எடுத்தனான், ஐயா."

"சாப்பிடாமல் வந்தனீங்களோ?"

"ஓம் ஐயா. முதல் பஸ்ஸுக்கு வந்தனான்."

உள்ளேயிருந்து ஸ்ரீகாந்த் கூப்பிட்டார். "டொக்டர், நல்ல நேரம் முடியப்போகுது!"

டொக்டர் தட்டை ஒரு கைக்கு மாற்றினார். "வயித்துக் காஸ்ரிக் போலைதான் கிடக்கு. முரளியிட்டைச் சொல்லி ஒரு மருந்து வாங்கிக் குடியுங்கோ. இண்டைக்கு இந்த அலுவல் அம்மா, குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு வாங்கோ. முதல் ஆளா உங்களைத்தான் பாப்பன்."

"ஓம் ஐயா," என்றார் அந்தப் பெண்.

அந்த வசனம் என் காதில் விழுந்தது. விழுந்த கையோடு உருண்டு வெளியே போய்விட்டது. நான் அப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்பன் வெட்டப்பட்டது. மெசின் இயங்குவதைக் காட்டவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். தலைவர் தன் நெஞ்சைத் தந்தார். சேட்டைக் கழற்றிக் கட்டிலில் படுத்தார். மாலையைக் கழற்ற மறுத்துவிட்டார். அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வயர்களை ஒட்டினார்கள். மெசின் தாளைத் தள்ளியது. டொக்டர் எடுத்துப் பார்த்து, "ஒரு பிழையும் இல்லை. குதிரை மாதிரி இருக்கு," என்றார். எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கணத்தில் நான் எடுத்த படம்தான் பின்னர் புகழ்பெற்ற படம்: கட்டிலில் மாலையோடு தலைவர், பக்கத்தில் தாளை ஏந்திய டொக்டர், சுவரில் பலகை, ஒரு கரையில் திறந்த யன்னல்.

அந்தத் தாளைத் தலைவர் கண்ணாடி போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். வீடு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து அது சந்தை நிலவரம் என்று நினைக்கிறார்கள்.

தை மாதம் டொக்டர் திரும்பி வந்தார். வந்த கையோடு பாராட்டு விழாக்கள் தொடங்கின. முதலில் எங்கள் சங்கம், பிறகு எங்களுக்குப் போட்டிச் சங்கம், பிறகு கோயில், பிறகு முதியோர் கழகம். ஒவ்வொன்றிலும் ஒரு பொன்னாடை. சிவகௌரி அவற்றில் ஒன்றைப் பின்வளவில் பாபிக்கியூ அடுப்புக்கு மூடியாகப் போட்டிருந்தார். ஏனென்று கேட்டதற்கு, "மழைக்கு நல்லா நிண்டு பிடிக்குது, அண்ணை," என்றார். குசினிக் குழாய் இன்னும் ஒழுகியது.

டொக்டர் விழாக்களில் பேசுவதற்கு முப்பது படங்களைக் கோர்த்து வைத்திருந்தார். 'ஒரு வருடம் எனக்குக் கற்றுத்தந்தவை' என்பது தலைப்பு. நல்ல பேச்சு. படுக்கைக்கு மேலே கட்டிய நுளம்பு வலை பற்றிய இடத்தில் சிரிப்பார்கள். குளத்துக்கரைப் பிள்ளைகள் பற்றிய இடத்தில் கைக்குட்டை எடுப்பார்கள். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. புகழ்பெற்ற படத்தில் யன்னல் பக்கம் முழுவதையும் அவர் வெட்டியிருந்தார். யன்னலோடு தலைவரின் கால்களும் போய்விட்டன.

"என்ரை முழங்காலுக்குக் கீழை காணேல்லை," என்று தலைவர் என்னிடம் குறைப்பட்டார். "பாக்கிற சனம் என்ன நினைக்கும்? விபத்திலை அடிபட்ட ஆளைக் கொண்டுவந்து கிடத்தினது எண்டெல்லோ நினைக்கும்! சிட்னி விழாவுக்கு முழுப்படத்தை நானே கொண்டுவாறன்."

சிட்னி விழா வைகாசியில், வென்ட்வேர்த்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். தலைவர் விமானத்தில் போனார். டொக்டரும் நானும் சனிக்கிழமை காரில் புறப்பட்டோம். விழா ஞாயிறு பிற்பகல். திங்கள் விடிய ஐந்து மணிக்கு மெல்பேர்ணுக்குத் திரும்புவது என்று ஏற்பாடு, பின்னேரம் டொக்டருக்குக் கிளினிக் இருந்தது.

கண்டகாய் என்ற ஊரைத் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றினேன். மாடு ஏற்றிய லொறிகள் போய்க்கொண்டிருந்தன. டொக்டர் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"மச்சான், அண்டைக்கு நடைபாதையிலை ஒரு மனிசி வந்ததே, ஞாபகம் இருக்கோ?"

"எந்த மனிசி?"

"எழுபத்து நாலு."

எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது.

"அடுத்தநாள் காலமை முதல் ஆளாக் கூப்பிட்டனான். ரெண்டாந்தரமும் கூப்பிட்டன். வரேல்லை. சுகமாக்கும் எண்டு அடுத்த துண்டைக் கூப்பிட்டன். பத்து மணிபோலை அவவின்ரை ஊர்க்காரி ஒருத்தி மருந்தெடுக்க வந்தவ. அவ சொல்லித்தான் தெரியும். விடியப்புறம் செத்துப்போனாவாம். மாக்கிறேட் எண்டு பேர். எனக்குப் பேரும் அப்பதான் தெரியும்."

நான் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினேன்.

"முதலாம் வருஷ மாணவனுக்கும் தெரியும், மச்சான். நெஞ்சு எரிவு, கை விறைப்பு, சத்தி. மெசின் பத்து அடி தூரத்திலை. ரெண்டு நிமிச வேலை. நான் ஸ்ரீயின்ரை நெஞ்சைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவ யன்னலுக்கை நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ. உன்ரை படத்திலை வடிவா விழுந்திருக்கு."

அப்போதுதான் வெட்டிய படத்தின் மர்மம் எனக்கு விளங்கியது.

"ஒரு வருஷம் எனக்கு என்ன கற்றுத்தந்தது எண்டு ஊர் ஊராச் சொல்லிக்கொண்டு திரியிறன். கற்றுத்தந்தது இது ஒண்டுதான். இதைத் தவிர மிச்சமெல்லாம் சொல்லிப்போட்டன்." அவர் கோட் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். சிட்னியிலை வாசிக்கப்போறன்."

ஒரு நல்ல சினேகிதன் இந்த இடத்தில் அவர் கையைப் பிடித்திருப்பான். நான் செயலாளர். "சொல்லி இப்ப என்ன பிரயோசனம், மச்சான்? மெசின் தந்த சனத்தின்ரை மனம்..."

"சனத்தின்ரை மனத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதை," என்றார். தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றிவிட்டுக் காரில் ஏறினார். சிட்னி வரும்வரை நாங்கள் பெற்றோல் பற்றி மட்டும் பேசினோம்.

விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. ஆகவே நாலேகாலுக்குத் தொடங்கியது. சிட்னிக் கிளைச் செயலாளர் சுஜீவா வரவேற்றுப் பேசினார். டொக்டரை 'மனித உருவில் வந்த மருந்து' என்றார். அதோடு நிற்கவில்லை. "வந்த ஒருத்தரையும் நாளைக்கு வாங்கோ எண்டு அனுப்பாத கை," என்றும் சொன்னார். மெல்பேர்ண் வசனம் நெடுஞ்சாலையில் எங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

டொக்டர் எழுந்து மைக்குக்கு வந்தார். கோட் பையில் கைவிட்டு அந்தத் தாளை எடுத்தார். விரித்தார்.

"இண்டைக்கு நான் படம் காட்டப்போறதில்லை," என்று தொடங்கினார். "உங்களிட்டை ஒரு விசயம் சொல்லவேணும்."

"படம் இருக்கு, படம் இருக்கு!" என்று பக்கத்திலிருந்து தலைவர் கை காட்டினார். டொக்டர் மறந்துபோனார் என்று நினைத்து உதவி செய்கிறார். திரையில் புகழ்பெற்ற படம் விழுந்தது, காலோடும் யன்னலோடும். சபை மாலையோடு படுத்திருந்த நெஞ்சைப் பார்த்து ஆரவாரித்தது. தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். நான் யன்னலைப் பார்த்தேன். அங்கே அந்தப் பெண் நின்றார், ஒரு கை நெஞ்சில், மறு கையில் துண்டு. இலக்கத்தைக்கூட வாசிக்கலாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம்.

கைதட்டு ஓயும்வரை டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்ந்தது. முன்னூறு முகங்கள் மலர்ச்சியாக அவரைப் பார்த்தன. அவர் தாளை மடித்தார். இரண்டாய், பிறகு நாலாய். நுளம்பு வலையில் தொடங்கிக் குளத்துக்கரைப் பிள்ளைகளில் முடித்தார். கைக்குட்டைகள் வெளிவந்தன. பொன்னாடை போர்த்தப்பட்டது. இந்தமுறை நீலம்.

பற்றிஸும் தேத்தண்ணியும் கொடுக்கும் மேசையடியில் ஒருவர் எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயது சொல்லலாம். தொழிற்சாலைச் சப்பாத்து, அதற்குமேல் புதிதாய் மடிப்புக் கலையாத சேட்.

"ஐயா, நான் பொனிபஸ். இங்கை கோழி இறைச்சி பொதி செய்யிற இடத்திலை வேலை. கடைக் கண்ணாடியிலை நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதிலை ஆசுப்பத்திரியின்ரை பேரைப் பாத்திட்டு வந்தனான். எங்கடை இடம் அது."

"அப்பிடியோ," என்றார் டொக்டர்.

"என்ரை அக்கா அங்கைதான் மருந்தெடுக்கிறவ. போன ஆவணியிலை மோசம் போட்டா. நான் படகிலை வந்த ஆள், ஐயா. பன்னிரண்டு வருஷமா பிரிட்ஜிங் விசா. போனா திரும்பி வரேலாது. செத்தவீட்டை போனிலைதான் பாத்தனான், அதுவும் அரைவாசியிலை கட்டாப் போச்சு." அவர் கையிலிருந்த பற்றிஸைக் கடிக்காமல் கடதாசியோடு பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்டு கேக்கவெண்டுதான் வந்தனான். கேக்க முதலே பதில் கிடைச்ச மாதிரி. அந்தப் படத்திலை யன்னலுக்கை நிக்கிறது என்ரை அக்காதான், ஐயா. மாக்கிறேட்."

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"அந்தப் பச்சைச் சட்டை நான் அனுப்பின காசிலை தைச்சது. அம்மா ஒவ்வொருநாளும் போனிலை அழுறா. பிள்ளை ஒரு டொக்குத்தரும் பாக்காமல் செத்துப்போச்சு எண்டு. இண்டைக்குச் சொல்லப்போறன், இல்லையம்மா, அவ வலு திறமான டொக்குத்தருக்குப் பக்கத்திலைதான் நிண்டவ, நான் என்ரை கண்ணாலை படத்திலை பாத்தனான் எண்டு." அவர் சிரிக்கப் பார்த்தார். "அந்தப் படத்திலை ஒரு கொப்பி எனக்கு வேணும். மற்றது, ஐயா... நீங்கள் அவவைப் பாத்தனீங்களோ? உங்களுக்கு என்ன சொன்னவ?"

டொக்டரின் கை கோட் பைக்குள் போனது. தாள் சரசரத்தது எனக்குக் கேட்டது. அவர் வாய் திறந்தது.

"டொக்டர்!" மேடையிலிருந்து ஸ்ரீகாந்த். "குறூப் போட்டோ! எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கினம்!"

டொக்டர் மேடையைப் பார்த்தார். பொனிபஸைப் பார்த்தார். கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்து தோளில் சரிந்த நீலப் பொன்னாடையை இழுத்துவிட்டது.

"தம்பி," என்றார். "இண்டைக்கு இந்த அலுவல். ஆறுதலாக் கதைக்கவேணும். நாளைக்கு வாங்கோ."

"நாளைக்கு வேலை நாள், ஐயா." பொனிபஸ் யோசித்தார். "பரவாயில்லை. சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன். எங்கை வரவேணும்?"

டொக்டர் நாங்கள் விடிய ஐந்து மணிவரை தங்கவிருந்த வீட்டின் விலாசத்தைச் சொன்னார். பொனிபஸ் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அதைக் கவனமாக எழுதினார். வீட்டு இலக்கத்தை இரண்டாம் தடவை கேட்டுச் சரிபார்த்தார்.

"எத்தினை மணிக்கு, ஐயா?"

"எட்டு மணிபோலை வாங்கோ," என்றார் டொக்டர். "முதல் ஆளா உங்களைத்தான் பாப்பன்."